முன்சென்றார் துணை: உடற்பருமன் சத்திரசிகிச்சைக்குப் பின் வேண்டும் உண்மைச் சொல்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நாம் எல்லோரும் இளமையில் மனனஞ் செய்தோம். அதன் பத்துக் குறள்களில் பெரும்பகுதி உணவின் அளவையே பேசுகின்றது. இறுதிக் குறளோ, மருத்துவம் என்பது நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என்னும் நான்கு உறுப்புகளால் அமைவது என வகுக்கின்றது. அக்குறளைப் பரீட்சைக்காகப் படித்த யான், அதன் உண்மையை ஐம்பது வயதின் பின்னரே என் உடம்பிற் கண்டேன். அதனோடு, இக்காலத்துச் சிகிச்சைகள் சிலவற்றுக்கு ஐந்தாவது உறுப்பொன்றும் வேண்டப்படுகின்றது என்பதையும் உணர்ந்தேன். அதே நோயை முன்னர் உற்று, அதே சிகிச்சையை முன்னர் ஏற்று, நமக்குச் சில ஆண்டுகள் முன்னே அவ்வழியிற் சென்றவரே அந்த ஐந்தாம் உறுப்பாவர்.

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபொழுது, கல்லூரி நாட்களின் நினைவுகளை எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயின், இலண்டனில் நடைபெறும் பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் யான் காணும் காட்சியொன்று மனத்தை விட்டு அகலவில்லை. சென்ற ஆண்டு பருத்த உடம்போடு வந்த நண்பரொருவர் இவ்வாண்டு பாதியாக மெலிந்து வருவார். "என்ன வருத்தம்?" என்று நால்வர் சூழ்ந்து கேட்பர். "வருத்தம் ஒன்றுமில்லை, சோற்றைக் குறைத்தேன், நாள்தோறும் நடக்கிறேன்" என்பது விடையாகும். கேட்டவருள் அதே நோயால் வருந்தும் ஒருவர் தாமும் சோற்றைக் குறைத்து, தாமும் நடந்து, உடம்பு குறையாமை கண்டு, தம்மிடத்து மனவுறுதி இல்லை போலும் என்று தம்மைத் தாமே இகழ்ந்துகொள்வார். அவ்விடையைச் சொன்னவருள் யானும் ஒருவன். யான் மெலிந்தது சத்திரசிகிச்சையினால். அதனை மறைத்தமைக்காக வருந்தியே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

சிகிச்சை யாது?

உடற்பருமன் சோம்பலின் விளைவு என்பது பலருடைய துணிபு. அத்துணிபு பிழையானது. பரம்பரை, உணவுச் சூழல், உறக்கக் குறைவு, சில மருந்துகள், மனத்துயர் முதலிய பல காரணங்கள் கூடி அந்நோயை உண்டாக்குகின்றன. எடை குறையத் தொடங்கியதும் உடம்பு அதனைப் பஞ்சம் எனக் கொண்டு, பசியை மிகுவித்தும் சக்திச் செலவைக் குறைத்தும் இழந்ததை மீட்க முயல்கின்றது. உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் பெருமளவு எடை குறைந்தோருட் பலர் அதனை மீளப் பெறுவதற்குக் காரணம் இதுவே.

இதற்குச் சத்திரசிகிச்சை வாயிலாகப் பரிகாரம் தேடும் முயற்சி 1950களில் தொடங்கியது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னெசோட்டாவைச் சேர்ந்த கிறெமன் முதலிய வைத்தியர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி உணவைச் செலுத்தும் முறையை வெளியிட்டனர். எடை குறைந்தது, ஆயின் ஈரற்கேடும் சத்துக்குறைவும் நோயாளரை வருத்தினமையால் அம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது. 1966ஆம் ஆண்டில் அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வேட் மேசன் என்பார், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினார். மறு ஆண்டில் இற்றோ என்பாரோடு கூடி அதனை வெளியிட்டார். 1990களில், வயிற்றைப் பெரிதாகத் திறவாது சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை வந்தபின் சிகிச்சையின் அபாயம் பெரிதும் குறைந்தது.

இன்று இரண்டு முறைகள் பெருவழக்காயுள்ளன. ஒன்று, இரைப்பையில் நான்கில் மூன்று பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ வெட்டி நீக்கி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாய் ஆக்குவது. மற்றொன்று, மேசன் காட்டிய வழியில் வந்த இரைப்பை மாற்றுவழி. இதிலே உணவைக் கொள்வது ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் அளவான சிறு பையேயாகும். இவை வயிற்றைச் சிறிதாக்குவதோடு நில்லா. பசியையும் நிறைவையும் மூளைக்கு உணர்த்தும் ஓமோன்களையும் இவை மாற்றுகின்றன. அதனாலேயே, எடை பெரிதும் குறையுமுன்னரே நீரிழிவு தணியும் புதுமை பலரிடத்து நிகழ்கின்றது; எனினும் சில ஆண்டுகள் கழிந்தபின் அது திரும்புவதும் உண்டு.

இச்சிகிச்சை யாருக்கு உரியது என்பதற்கு உடற்றிணிவுச் சுட்டி ஓர் அளவுகோல். கிலோகிராமில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்தால் அது கிடைக்கும். 1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, சுட்டி 40 உடையோருக்கும், 35 ஆக இருந்து கடும் நோய்களும் உடையோருக்கும் இதனை விதந்தது. 2022ஆம் ஆண்டில் இத்துறைச் சத்திரவைத்தியர் சங்கங்கள் இரண்டு அவ்வளவைத் திருத்தி, ஆசிய மக்கள் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் ஆளாவதால், அவர்களுக்கு 27.5 என்னும் அளவு தொடக்கமே இச்சிகிச்சையைக் கருதலாம் என்றன. 1.70 மீற்றர் உயரமுள்ள ஒருவர் 80 கிலோ எடையிருப்பின் அவ்வளவைத் தொட்டுவிடுவார். அதனால் அவர் உடனே சத்திரசிகிச்சைக்குச் செல்லவேண்டும் என்பதன்று. இது யாரோ சிலரின் நோயன்று, நம்மவர் பலரின் நோய் என்பதே கருத்து.

வைத்தியர் விடைகொடுத்த பின்

1991ஆம் ஆண்டு மாநாடு வற்புறுத்திய மற்றொன்றும் உண்டு. சிகிச்சை பெற்றவரை ஆயுள் முழுவதும் வைத்தியர் கண்காணித்தல் வேண்டும் என்பதே அது. பிரித்தானியாவில் சத்திரசிகிச்சைப் பிரிவினர் குறைந்தது 2 ஆண்டுகள் நோயாளரைப் பார்த்துவரவேண்டும். அதன்பின் குடும்ப வைத்தியரோடு பகிர்ந்து ஆண்டுக்கொரு முறையேனும் பரிசோதித்தல் வேண்டும் என்பது விதி. விதி நல்லதே. ஆயின் ஆண்டுக்கொரு சந்திப்பு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். நோயாளி உண்பதோ நாள்தோறும். விருந்திலும் துக்கவீட்டிலும், தனிமையிலும் இரவிலும் எழும் ஐயங்களை அவர் யாரிடம் கேட்பது? கேட்க நாணும் ஐயங்களை யாரிடம் வெளியிடுவது?

என் அனுபவம் ஒன்றைக் கூறுகின்றேன். 2013ஆம் ஆண்டில் எனக்கு இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை நடைபெற்றது. ஏழாவது கிழமையில் உறவினர் வீட்டுக்குச் சென்றேன். அங்கே மூதாட்டி ஒருவர், "ஒரு பிடி புட்டுத்தானே தம்பி, அது என்ன செய்யப்போகுது?" என்று அன்போடு இட்டார். மறுக்க மனமின்றி உண்டேன். அன்றிரவு வாந்தி தொடங்கியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. தகாத உணவை உண்டது என் குற்றம். வைத்தியசாலைக்கு அறிவித்தால் ஏளனம் செய்வர் என்று அஞ்சிப் பத்து நாட்கள் மறைத்தேன். என் மனைவிக்கும் முழுதும் சொல்லவில்லை.

மாதந்தோறும் கூடும் சிகிச்சை பெற்றோர் கூட்டமொன்றில் யான் அப்பொழுது சேர்ந்திருந்தேன். அம்மாதக் கூட்டத்துக்கு யான் வாராமை கண்டு, ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதியான ஆங்கிலப் பெண்மணி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நலமென்றேன். அவர் நம்பவில்லை. எத்தனை நாளாக வாந்தி, குடிக்கும் நீர் தங்குகின்றதா, கால் விறைப்பதோ நடையிலே தள்ளாட்டமோ உண்டா என்று மூன்று வினாக்களைக் கேட்டார். கால் விறைப்பதை ஒப்புக்கொண்டேன். "உமக்கு மருந்து சொல்ல யான் வைத்தியரல்ல, ஆனால் நாளைவரை காத்திராமல் இன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்லும். இச்சத்திரசிகிச்சை பெற்றவர் என்பதையும் பத்து நாளாக வாந்தி என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லும்" என்றார். பின்பு குரலைத் தாழ்த்தி, தாமும் ஒருகால் அவ்வாறே மறைத்ததாகக் கூறினார். அச்சொல்லே என்னை எழுப்பியது.

வைத்தியசாலையில் தயமின் என்னும் விற்றமின் பீ 1ஐ நாளத்தின் வழியே முதலிற் செலுத்தினர். உடம்பு அச்சத்தைச் சில கிழமைகளுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை; வாந்தி நீடிப்பின் அது தீர்ந்து, மூளைக்கும் நரம்புக்கும் மீளாத கேடு நேரலாம். அந்நிலையில் தயமினைக் கொடாது குளுக்கோசு மட்டும் ஏற்றினும் கேடு மிகும். பின்னர்ப் பரிசோதித்தபோது, சிறு பையும் குடலும் இணையும் வாயில் ஒடுங்கியிருப்பது தெரிந்தது. அகநோக்குக் கருவியால் அதனை விரித்தனர். வாந்தி நின்றது. ஒரு பிடி புட்டு அதற்கு மூலகாரணம் அன்று. யான் குற்றமென எண்ணி நாணியது உண்மையில் மருத்துவத்தால் தீரவேண்டிய ஓர் ஒடுக்கமே. இன்று யான் தடியின்றி நடப்பதற்கு அப்பெண்மணியின் மூன்று வினாக்களும் ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இத்துணையின் வரலாறு

ஒத்த நோயாளர் ஒருவர்க்கொருவர் துணையாதல் புதிதன்று. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் யோசப் பிறாட் என்னும் வைத்தியர், வறிய காசநோயாளரை வகுப்பாகக் கூட்டிப் பயிற்றினார். நோயைப் பற்றிய அறிவை ஊட்டுவதே அவர் நோக்கம்; ஆயின் ஒருவர் தேறுவதைக் கண்டு மற்றவர் ஊக்கம் பெறுவதை அவர் கண்டார். 1935ஆம் ஆண்டில் ஒகாயோ மாநிலத்து அக்குறன் நகரில் குடிப்பழக்கத்தால் வருந்திய இருவர் சந்தித்தமை, அப்பழக்கத்தை விடுவோர்க்கான உலகளாவிய இயக்கத்துக்கு வித்தாயிற்று. 1951ஆம் ஆண்டில் பொஸ்ரனில் இருதயச் சத்திரசிகிச்சை பெற்றோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, சிகிச்சைக்குக் காத்திருப்போரைப் படுக்கையருகே சென்று கண்டனர். 1952ஆம் ஆண்டில் மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற தெரேசா லாசர் என்னும் பெண்மணி, அந்நோயுற்ற ஏனைய பெண்களைக் கண்டு பேசும் பணியை நியூயோர்க்கில் தொடங்கினார். இவ்வரிசையில் வந்ததே உடற்பருமன் சத்திரசிகிச்சை பெற்றோர் கூட்டமும்.

கூட்டத்துக்கு ஒழுங்காக வருவோர் வாராதோரினும் மிகுதியாக எடை குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கூட்டமே அதற்குக் காரணமா, ஊக்கமுடையோரே கூட்டத்துக்கு வருகின்றனரா என்பதை அவ்வாய்வுகளால் மட்டும் துணிதல் அரிது. ஆதலின் கூட்டத்தை மருந்தாகப் போற்றுதல் வேண்டா. அது வழித்துணை, வழித்துணைக்கு முதல் இலக்கணம் பொய் சொல்லாமை.

ஒளியாது சொல்லவேண்டியவை

புதிதாகச் சிகிச்சை பெறுபவருக்கு முன்சென்றவர் சொல்லவேண்டியவற்றுள் முதலாவது, முதல் மாதங்களின் நிலை. சில கிழமைகள் நீருணவும், பின் மசித்த உணவும், அதன்பின் மென்மையான உணவுமாகப் படிப்படியே ஏறவேண்டும். ஒரு கவளத்தை உண்ணும் நேரம் முன்னர் ஒரு கோப்பை உண்ட நேரமாகும். உணவோடு நீர் அருந்தலாகாது; உண்டபின் அரைமணி நேரம் கழித்து, மிடறு மிடறாகக் குடித்து, நாளொன்றுக்கு ஒன்றரை இலீற்றருக்குக் குறையாது நிறைக்கவேண்டும். நம் உணவுகளுள் உலர்ந்த புட்டும், இறுகிய சோறும், பாணும், நாருள்ள இறைச்சியும் தொண்டைக்குக் கீழே தடைபட்டு நெஞ்சை அடைப்பதுண்டு. மென்மையாக அவித்த மீன், முட்டை, தயிர், குழைய வேகவைத்த பருப்பு, பயறு என்பன எளிதில் இறங்கும். இனிப்பை மிகுதியாக உண்டால், மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோருக்குச் சிறிது நேரத்திலேயே படபடப்பும் வியர்வையும் வயிற்றுவலியும் தோன்றலாம். அது உயிர் போவது போன்றிருக்கும், பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இதனை முன்னறிந்தவர் அஞ்சார்.

இரண்டாவது, புரதமும் விற்றமினும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும் என்பர். முட்டையொன்றில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம் என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். விற்றமின், இரும்பு, கல்சியம் என்பவற்றை ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டும். பீ 12 பலருக்கு ஊசியாகவே கொடுக்கப்படுகின்றது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரைகளை நிறுத்துவோர் பலர். இரத்தச்சோகையும் எலும்பின் தேய்வும் நரம்புத் தளர்ச்சியும் மெல்ல மெல்லவே வருவன, வந்தபின்னரே தெரிவன. மூன்றாம் மாதமளவில் தலைமயிர் உதிரத் தொடங்கும். விரைந்த எடைக்குறைவினால் நேர்வது அது; பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் மீள வளரும். இதை முன்னரே ஒருவர் சொல்லியிருந்தால், சீப்பைப் பார்த்து யான் அழுத நாட்கள் குறைந்திருக்கும்.

மூன்றாவது, நம்மவர்க்கே உரிய விரதம் பற்றியது. கந்தசட்டி ஆறு நாளும் நீர் மட்டும் அருந்தி நோற்றவர், சிகிச்சையின் பின்னும் அவ்வாறே நோற்கலாமா என்று கேட்பர். நீர் குறையின் சிறுநீரகம் வருந்தும். ஒருபொழுது உண்பதாயினும், சிறு பைக்குள் ஒரு வேளையில் நாள் முழுதுக்கும் உரிய புரதத்தை அடக்குதல் இயலாது. முதலாண்டிலே கடுவிரதத்தைத் தவிர்த்து, பின்னர் வைத்தியரைக் கேட்டுச் செய்தலே தகும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மரக்கறி உண்போர் பயறு, கடலை, தயிர், சோயா என்பவற்றால் புரதத்தை ஈடுசெய்யலாம். உடம்பு இயலாதபோது விரதத்தைத் தளர்த்தல் பக்திக்குறைவாகாது என்பதை நம் பெரியோர் அறிவர்.

நான்காவது, சொல்வதற்கு மிகக் கூசுவது: எடை திரும்புதல். சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வொன்று, சத்திரசிகிச்சை பெற்ற 2,010 பேரையும் பெறாத 2,037 பேரையும் பல்லாண்டு தொடர்ந்து பார்த்தது. 2007ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிபின்படி, மாற்றுவழி முறையினர் முதல் இரண்டாண்டுக்குள் எடையில் 32 சதவீதம் வரை இழந்தனர். பத்தாண்டின் பின் அவ்விழப்பு 25 சதவீதமாக நின்றது. சிகிச்சை பெற்றோரிடையே மரணம் குறைந்திருந்தமையையும் அவ்வாய்வு காட்டியது. இவ்வெண்களின் பொருள் யாது? சிறிது திரும்புதல் இயல்பு. பெரும்பயன் நிலைத்து நிற்கின்றது. இதனை அறியாதவர் ஐந்து கிலோ கூடியவுடன் தோற்றுவிட்டதாகக் கருதி ஒளிந்துகொள்வர். கூட்டத்துக்கு வருதலை நிறுத்துவர், வைத்தியரையும் தவிர்ப்பர். உதவி மிக வேண்டிய வேளையில் அவர் தனியராவர். யானும் நான்காம் ஆண்டில் எட்டுக் கிலோ கூடினேன். கூட்டத்தில் அதனை எழுந்து சொன்ன அன்று, அறையில் இருந்தோருள் மூவர் தாமும் அவ்வாறே என்றனர். அதுவரை நால்வரும் ஒருவர்க்கொருவர் நலமென்றே சொல்லியிருந்தோம். இன்று செமாகுளுரைட் முதலிய ஊசிமருந்துகளும் வந்துள்ளன. எடை திரும்பினோருக்கும் வைத்தியர் சிலவேளை அவற்றை அளிக்கின்றனர். மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் மீள்வதால், அவ்வழியே செல்வோருக்கும் நீண்டகாலத் துணை வேண்டியதே.

ஐந்தாவது, மனமும் மதுவும். மாற்றுவழிச் சிகிச்சையின் பின் மது விரைந்து இரத்தத்திற் கலக்கின்றது. ஒரு குவளை முன்னைய இரண்டு மூன்றுக்கு ஒப்பாகலாம். 2012ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மதுவினால் சீர்கெட்டோர் சிகிச்சைக்கு முன் 7.6 சதவீதமாகவும் இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகவும் இருந்தனர். முன்னர் உணவில் ஆறுதல் தேடியவர் அது அடைபட்டபின் குவளையைத் தேடுவதுண்டு. பழைய மாணவர் விருந்துகளில் கிண்ணத்தை வற்புறுத்தி நீட்டும் நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. கனடாவின் ஒன்ராறியோவில் 8,815 பேரைப் பற்றி 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, சிகிச்சைக்குப் பின் தம்மைத் தாமே ஊறுபடுத்தியமையால் அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்ச்சிகள் ஏறக்குறைய அரைமடங்கு மிகுந்ததெனக் காட்டியது. தொகையில் அவை சிலவே. முன்னரே மனநோய் உடையவரிடத்தே பெரும்பாலும் நிகழ்ந்தவை. எனினும் அவை மிகுந்தது இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் என்பது கருதத்தக்கது. புகழ்மொழிகள் ஓய்ந்து, உடல் மெலிந்தும் வாழ்க்கைத் துயரங்கள் அவ்வாறே இருப்பது தெரியவரும் காலம் அது. அக்காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு பெரிது.

சொல்லலாகாதவை

உண்மை சொல்லுதல் என்பது வாயில் வந்ததெல்லாம் சொல்லுதலன்று. முன்சென்றவர் தம் எல்லையை அறிதல் வேண்டும். நீரிழிவு, இரத்த அமுக்கம் என்பவற்றுக்குரிய மருந்தின் அளவு சிகிச்சையின் பின் விரைந்து மாறும். அதனைக் குறைப்பதும் கூட்டுவதும் வைத்தியர் பணி. "யான் நிறுத்தினேன், நீரும் நிறுத்தும்" என்பது நட்பன்று; அபாயம். மூட்டு வலிக்கு இபுபுறோபன், டைக்குளோபினாக் முதலிய மாத்திரைகளைப் பகிர்வதும் அத்தகையதே. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்க்கு அவை புண்ணை உண்டாக்கிக் குருதி ஒழுகச் செய்யலாம். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரை பொறுக்கவேண்டும் என்பது வைத்தியர் அறிவுரை. இதிலும் அயலார் வாக்குக்கு இடமில்லை.

எடைகளை ஒப்பிடுதலும் ஆகாது. ஒருவர் ஆறு மாதத்தில் முப்பது கிலோ இழக்க, மற்றவர் பதினெட்டு இழப்பார். உடம்பு, வயது, முறை என்பன வேறு. சிகிச்சை பெறாதவரிடம் சென்று, நீரும் செய்துகொள்ளும் என்று தூண்டுதலும் ஆகாது. பயனையும் தீமையையும் ஒருங்கே கூறி, முடிவை அவருக்கும் அவர் வைத்தியருக்கும் விடுதலே முறை.

சில குறிகளைக் கேட்டால் ஆறுதல் கூறிக் காலம் போக்குதலும் ஆகாது. சிகிச்சையை அடுத்த நாட்களில் காய்ச்சல், விரைந்த நாடி, மூச்சுத்திணறல், தோளிலோ வயிற்றிலோ கடுவலி என்பன தோன்றின் தையலில் ஒழுக்கோ நுரையீரலில் இரத்தக்கட்டியோ இருத்தல் கூடும். நீர் தங்காத வாந்தி, கருநிற மலம், மயக்கம், கெண்டைக்காலில் வீக்கம், பல மாதம் கழித்தும் விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலி, உயிரை மாய்க்கும் எண்ணம் என்பன எவையாயினும், "வைத்தியசாலைக்கு இன்றே செல்லும், யான் உடன் வருகின்றேன்" என்பதே அப்பொழுது நண்பன் வாயில் வரவேண்டிய சொல்.

உற்றாரும் விருந்தோம்புவாரும்

விருந்தோம்பலைப் பெரும் அறமாகக் கொண்டவர் நாம். உண்ணாதவரைக் கண்டால் நம் தாய்மார் மனம் நோவர். ஆயின், சிறு தட்டில் மூன்று கரண்டி உண்டு எழுபவரிடம் இன்னுங் கொஞ்சம் என்று இரக்காதிருத்தலும் இன்று விருந்தோம்பலின் ஒரு பகுதியாகும். மெலிந்தவரைப் பார்த்து முகங் களையிழந்தது என்றும், மீளப் பருத்தவரைப் பார்த்துக் காசு வீணாயிற்று என்றும் கூறும் சொற்கள் அவர் மனத்திற் பல்லாண்டு தங்கும். கணவனோ மனைவியோ சிகிச்சை பெற்றால் இல்லறத்தின் வழக்கங்களும் மாறும். முன்னே குறித்த சுவீடன் ஆய்வில், சிகிச்சை பெற்றோரிடையே மணமுறிவும் மிகுந்திருந்தது. தனித்திருந்தோர் மணம்புரிதலும் மிகுந்திருந்தது. உடம்பின் மாற்றம் வீட்டையும் தொடும் என்பதை இருவரும் முன்னரே பேசிக்கொள்ளல் நன்று.

நம் கல்லூரி விடுதிக்கு யான் வந்த முதல் இரவு நினைவுக்கு வருகின்றது. வீட்டை நினைந்து போர்வைக்குள் அழுதேன். அடுத்த கட்டிலில் இருந்த மூத்த மாணவர், அழாதே என்று சொல்லவில்லை; முதல் மாதம் யாவரும் அழுவர், தாமும் அழுததுண்டு, இரண்டாம் மாதம் குறையும் என்றார். கிணற்றடிக்கு எந்நேரம் போகவேண்டும், எந்த ஆசிரியரிடம் எதனைக் கேட்கலாம் என்பதையும் சொல்லித் தந்தார். பாடஞ் சொல்லித்தர அவர் முயலவில்லை. அது ஆசிரியர் பணி. பல்லாண்டு கழித்து அப்பேருந்துச் சாரதியின் குரலிலே யான் கேட்டதும் அம்மூத்த மாணவரின் சொல்லையே.

பழைய மாணவர் சங்கம் என்பது வழியில் முன்சென்றவர் கூட்டமன்றோ? நம்முள் இச்சிகிச்சை பெற்றோர் பலர் உளர். அவர்களை மேடையேறிப் பேசும்படி யான் வேண்டவில்லை. தம் உடம்பின் செய்தியைக் காப்பது ஒவ்வொருவர் உரிமை. ஆயின், அதே நோயால் வாடும் ஒருவர் தனியே வந்து மெல்லக் கேட்பாராயின், சோற்றைக் குறைத்தேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிடாதிருப்போமாக. எத்தனை கிலோ குறைந்தது என்பதோடு எத்தனை திரும்பியது என்பதையும், எவ்வளவு மகிழ்ந்தோம் என்பதோடு எந்த இரவில் அஞ்சினோம் என்பதையும் சொல்வோமாக. அடுத்த ஒன்றுகூடலில் என்னை யாரேனும் "என்ன வருத்தம்?" என்று வினவினால், யான் உண்மையையே சொல்வேன்.